ஓரத்தில் டீ ஊன்றும் உபதேசம்

"வலப்புறம் வளைகிற பந்துக்கு வலது ஓரத்தில் டீயை ஊன்று, இடப்புறம் வளைகிற பந்துக்கு இடது ஓரத்தில் ஊன்று" என்னும் வாசகத்தைக் கோல்ஃப் கற்றுக்கொடுப்போரின் வாயிலிருந்து பல ஆண்டுகளாகக் கேட்டுச் சலித்திருக்கிறேன். சென்னை ஆட்டக்காரர்களுக்காக மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதி ஒன்றில் அண்மையில் நடந்த கூட்டத்தில், அநுபவசாலி என்று அறிமுகம் செய்யப்பட்ட ஒருவர் இதை வேதவாக்கியம்போல் மும்முறை உச்சரிக்க, எதிரே அமர்ந்திருந்த இளைஞர்கள் பயபக்தியோடு குறித்துக்கொண்டதைக் கண்ட பிறகு, இனியும் மௌனம் சாதிப்பது தகாது என்று தோன்றிற்று.

பந்தைத் தாங்கும் சிறு முளையான டீயை ஊன்றும் மேட்டின் வலது ஓரத்தில் நின்று இடப்பக்கத்தை நோக்கி அடித்தால், பந்து வளைந்து திரும்புவதற்கு ஃபேர்வே என்னும் புல்வழியின் முழு அகலமும் கிடைத்துவிடுகிறதாம். இந்தச் சித்தாந்தத்துக்கு இதைத் தவிர வேறு ஆதாரம் எதையும் எவரும் எனக்குக் காட்டியதில்லை. பெரிய ஆட்டக்காரர்களும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று மட்டும் சிலர் சேர்த்துச் சொல்லுவார்கள். 18 பெரும் பட்டங்களை வென்ற ஜாக் நிக்லஸ், வேண்டியபோது வேண்டிய அளவுக்குப் பந்தை வலப்புறம் வளைக்க வல்லவராயிருந்தார். வாரம் ஒரு காலை நந்தனத்தில் ஆடுகிறவருக்கோ வளைவு என்பது அவர் தேர்ந்துகொண்டது அல்ல, அவருக்கு நேர்ந்தது. அந்த வாதம் அதோடு தீர்ந்தது.

அந்த முழு அகலத்தைத்தான் சற்று அளந்து பார்ப்போமே. டீ மேட்டின் இரு குறிகளுக்கும் இடையே ஆறு கஜம் என்று கொள்வோம். நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்கிறவர் மூன்று கஜம் நகர்கிறார். பந்து விழவேண்டிய இடமோ 220 கஜத்துக்கு அப்பால். அவ்வளவு தொலைவிலுள்ள இலக்குக்கு இந்த நகர்வினால் உண்டாகும் கோண வித்தியாசம் ஒரு பாகைகூட இல்லை. முக்கால் பாகையைச் சற்றே தாண்டும். நடுவிலேயே நின்று பாதங்களை இம்மியளவு திருப்பி வைத்தால் கிடைத்துவிடுகிற முக்கால் பாகைக்காகவா இத்தனை பெரிய உபதேசம்? பந்து புறப்படும் திசை இரண்டு பாகை பிசகினால், அதே தொலைவில், வளைவைக் கணக்கில் சேர்க்காமலே, ஏழரைக் கஜத்துக்கு மேல் விலகிவிடுகிறது. கற்றுக்கொள்கிறவரின் கையில் அந்தப் பிசகு நேராத நாள் எது?

பயன் அற்பம் என்பதோடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். ஓரம் கெடுதலும் செய்கிறது. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த உபதேசிகள் பந்து பறக்கப்போகும் வானத்தைப் பார்க்கிறார்களேயன்றி, ஆள் நிற்கப்போகும் தரையைப் பார்ப்பதில்லை. ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் மழை தேங்காமல் வடிந்தோட வேண்டுமென்று ஓரங்கள் தாழ்ந்திருக்கும்படி அமைத்த டீ மேடுகள் உண்டு. அமைக்கையில் சமமாக இருந்தவையும் நாளடைவில் விளிம்புகள் சரிந்து, நடு உயர்ந்து போவதுண்டு. பந்து நம் பாதங்களைவிட உயர்ந்த தரையில் இருந்தால் வலக்கை ஆட்டக்காரரின் அடி இடப்புறமும், தாழ்ந்த தரையில் இருந்தால் வலப்புறமும் போகும் என்பதைக் கொடைக்கானலிலும் உதகையிலும் மலைச்சரிவில் ஆடிய எவரும் அறிவார். இலக்கை நோக்கிப் பார்க்கையில் வலக்கை ஆட்டக்காரர் பந்துக்கு இடப்பக்கத்தில் நிற்கிறார் என்பதையும் வாசகர் மனத்தில் இருத்த வேண்டும். இப்போது, இடப்புறம் வளைக்கிறவர் உபதேசத்தைச் சிரமேற்கொண்டு இடது குறியை ஒட்டி டீயை ஊன்றுகிறார். பந்து எல்லைக்குள் இருந்தால் போதும், ஆள் வெளியே நிற்கலாம் என்று விதி இடம் கொடுப்பதால், அவர் பாதங்கள் விளிம்புக்கு அப்பாலுள்ள சரிவில் இறங்கிவிட, பந்து அவருக்கு மேலே உயர்ந்து நிற்கிறது. முன்னமே இடப்புறம் ஓடுகிற பந்து இன்னும் வேகமாக ஓடுகிறது. வலப்புறம் வளைக்கிறவரோ வலது குறியை ஒட்டி ஊன்றுகிறார். அவர் நிற்பது உயர்ந்த நடுப்பக்கம், பந்து இருப்பது தாழ்ந்த விளிம்பு. ஆகவே ஸ்லைஸ் எனப்படும் அவருடைய வலப்புற வளைவு முன்னைவிடப் பெரிதாகிறது. இரு தரப்பாரையும் அவரவர் பிணி முற்றுகிற இடத்துக்கே கைபிடித்து அழைத்துச் செல்கிற இந்த வாசகத்தை மருந்து என்று எப்படிச் சொல்வது? ஓரத்தை ஒட்டி ஊன்றும் ஆசையில் எல்லைக் கோட்டுக்கு வெளியே வைத்த பந்தை அடித்துவிட்டால், அடிகளை எண்ணி ஆடும் போட்டியில் இரண்டு அடி தண்டனை என்பது வேறு.

வளைவை மனிதனின் பிறவிக் குணம்போல் பாவிப்பது இதன் அடுத்த பிழை. சுழற்சியே கோல்ஃப் பந்தை ஆகாயத்தில் தாங்கிக் கொண்டுசெல்கிறது என்று எடின்பரோப் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட் 1890-களிலேயே எடுத்துக்காட்டினார். அந்தச் சுழற்சியின் அச்சு சாய்ந்தால் பந்து வளைகிறது. மட்டை வீசும் பாதையும் மட்டையின் முகம் நோக்கும் திசையும் ஒன்றாதபோது அச்சு சாய்கிறது. வலது ஓரத்தில் நின்று இடப்பக்கத்தை நோக்கு என்று சொல்லப்பட்டவர், தம் வீச்சை மேலும் இடப்பக்கமாக இழுத்து, முகத்தை மாத்திரம் ஃபேர்வேயின் நடுவை நோக்கி விட்டுவைக்கிறார். பாதைக்கும் முகத்துக்கும் உள்ள பிணக்கு வளர்கிறது.

பின் எதைப் பார்த்து இடத்தைத் தேர்வது? மாமல்லபுரத்தில் விடியலில் படகு தள்ளும் மீனவர், தம் தோளின் பழக்கத்தை எண்ணிக் கடலில் இறங்குவதில்லை. அன்றைய காற்றையும் அலையையும் பார்த்து இறங்குகிறார். வெயில் காலத்தில் முற்பகலில் மேற்கிலிருந்து வீசுகிற காற்று ஓய்ந்து, பிற்பகலில் கடற்காற்று ஏறுகிற இந்தக் கரையோர நாட்டில், காலையில் வலப்புறம் சாய்ந்த பந்து மாலையில் இடப்புறம் சாயலாம். காற்றுக்கு அடுத்தது தரை: குறிகளுக்குப் பின்னால் இரண்டு மட்டை நீளம் வரை எங்கு வேண்டுமானாலும் ஊன்றலாமாதலால், சமமான இடம் அநேகமாக அகப்படும். மூன்றாவது, கிட்டத்தில் நிற்கும் மரம்: நாற்பது கஜத்தில் ஒரு கிளை வழிமறித்தால், அதே மூன்று கஜ நகர்வு நாலு பாகைக்கு மேல் வழி திறக்கும். அப்போது தாராளமாக ஓரத்துக்குப் போங்கள். உங்கள் பந்து எந்தப் பக்கம் வளைவதானாலும் போங்கள்.

பயிற்சி அளிக்கும் நண்பர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: புதிதாக வருகிற பிள்ளையிடம் இந்த வாசகத்தைச் சொல்லாதீர்கள். டீயை ஊன்றுமுன் குனிந்து தரையைப் பார்க்கவும், நிமிர்ந்து காற்றைப் பார்க்கவும் அவனுக்குக் கற்றுக்கொடுங்கள்.