நட்டுவனார் இல்லா ஆட்டம்: மென்பொருள் சேவைகளின் ஒழுங்கும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்

வெவ்வேறு நிறுவனங்களின் மென்பொருள் சேவைகள் செய்தி பரிமாறி ஒரு பணியை முடிக்கையில் எது முன், எது பின், எது தவறினால் எது நிகழவேண்டும் என்பதை ஐயமற வரையறுப்பது செயல்முறை மாதிரி. 1962இல் கார்ல் ஆதாம் பெட்ரி அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் வழிவந்த பெட்ரி வலைகளும், ராபின் மில்னர் முதலியோர் வகுத்த பை நுண்கணிதமும் இதற்குக் கணித அடிப்படை தந்தன. இத்துறை இருவகை ஒழுங்குகளைப் பிரித்தறிகிறது. நடுவில் நிற்கும் ஒரு சேவை ஏனையவற்றை ஏவுவது 'ஆர்கெஸ்ட்ரேஷன்'. ஏவுவோர் எவருமின்றி, ஒவ்வொரு சேவையும் தனக்கு வரும் செய்தியை நோக்கித் தன் பங்கை ஆற்றுவது 'கோரியோகிராபி'. முன்னதற்கு 2007இல் தரநிலையான டபிள்யூஎஸ்-பிபெல் மொழியும், பின்னதற்கு 2005இல் டபிள்யூ3சி வெளியிட்ட டபிள்யூஎஸ்-சிடிஎல் வரைவும் சான்று.

இவ்விரண்டையும் 'ஒருங்கிணைப்பு' என ஒரே சொல்லால் குறித்தால் துறையின் அடிப்படை வேறுபாடே மறைந்துவிடும். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதோ அதனினும் தீங்கு. கோரியோகிராபியை 'நடன அமைப்பு' என்றால் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது தாளமும் சொற்கட்டும் கொண்டு ஆடுவோரை நடத்தும் நட்டுவனாரின் உருவம். ஆங்கிலக் கலைச்சொல் மறுக்கும் பொருளையே தமிழ்ச்சொல் உணர்த்திவிடுகிறது. நட்டுவாங்கம் உண்மையில் ஆர்கெஸ்ட்ரேஷனுக்கே நெருக்கமானது.

ஏவுவோர் இல்லா ஒழுங்கு தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் குழலின் வழி யாழும், யாழின் வழி தண்ணுமையும், அதன்பின் முழவும் நிற்பதாக இளங்கோவடிகள் காட்டும் வரிசையில் ஒவ்வொரு கருவியும் தனக்கு முன்னதையே நோக்குகிறது. திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபத்தன்று மாலையில் நிகழ்வது இன்னும் தெளிவான சான்று. பஞ்சமூர்த்திகள் தீப தரிசன மண்டபத்தில் எழுந்தருளியிருப்பர். அர்த்தநாரீசுவரர் வெளிப்போந்து காட்சியளிப்பார். கொடிமரத்தின் முன் அகண்ட தீபம் ஏற்றப்படும். அதே வேளையில் 2668 அடி உயர மலையுச்சியில் மகாதீபம் எரியும். மலைத்தீபம் கண்டபின் ஊரார் இல்லங்களில் விளக்கேற்றுவர். வீடுதோறும் சென்று 'இப்போது ஏற்றுக' எனக் கட்டளையிடுவார் யாருமில்லை. முன்னரே உடன்பட்ட முறையும் கண்ணுக்குத் தெரியும் குறிப்பும் போதும். (பழந்தமிழர் மென்பொருள் அறிந்திருந்தனர் என்பது இதன் பொருளன்று; அவ்வகைப் பெருமிதம் ஆய்வுக்கு உதவாது.)

ஆகவே நடத்துதல், ஒழுகுதல் என்னும் வினைகளைக் கொண்டு ஆர்கெஸ்ட்ரேஷனை 'நடத்துமுறை' எனவும் கோரியோகிராபியை 'ஒழுகுமுறை' எனவும் வழங்கலாம். முன்னதில் பிறரை இயக்கும் வினை. பின்னதில் தானே இயங்கும் வினை. வேறுபாட்டை வினைகளே சுமப்பதால் விளக்கவுரை வேண்டுவதில்லை.

இது அகராதிக்குள் அடங்கிவிடும் சிக்கலன்று. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் தேநீர் விற்பவரும் 2016இல் அறிமுகமான யுபிஐ வழியே பணம் பெறலாம். அதில் வாங்குவோரின் வங்கி, விற்போரின் வங்கி, செயலி, இடையே தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் அமைப்பு எனப் பலவும் முறை தவறாது இயங்கவேண்டும். வாங்குவோர் கணக்கில் பணம் கழிந்து, விற்போருக்கு உறுதிச்செய்தி வாராவிடின், செயல்முறை மாதிரியில் 'காம்பன்சேஷன்' எனப்படும் படி தொடங்கும். முன்செய்த செயலின் விளைவை நீக்கும் செயல் அது. இதை 'இழப்பீடு' எனப் பெயர்த்தால் பிழை நேரும். இந்திய ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை இத்தகைய வணிகப் பரிமாற்றத்தில் 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்பவேண்டும் என்றும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றும் கூறுகிறது. திரும்புவது வேறு, தண்டமாகத் தருவது வேறு. இரண்டிற்கும் ஒரே சொல் ஆளப்பட்டால், தன் 20 ரூபாய் எங்கே நிற்கிறது என வினவுபவருக்குத் தமிழில் தெளிவான விடை கிடைக்காது. முன்னதற்கு 'மீள்செயல்' என்பது பொருந்தும்.

இச்சொற்களைக் கணினித்துறையினரிடம் விட்டுவிட்டுப் பின்னர்க் குறைகூறுவது தமிழ்த்துறைகளுக்கு வழக்கமாகிவிட்டது. மாதிரிகளின் வரைபடங்களைப் படிக்கக் கணிதப் புலமை பெரிதும் வேண்டுவதில்லை. ஒரு பருவப் பாடத்தில் கற்பிக்கலாம். புணரியலின் விதிகளையும் விதிவிலக்குகளையும் பொறுமையுடன் வரிசைப்படுத்தப் பழகிய மாணவருக்கு அது கடினமாக இராது.