கடத்தப்படும் நாயகி

1963-ல் வெளிவந்த ‘கலை அரசி’யில் வேற்றுக்கோளிலிருந்து ஒருவன் பூமிக்கு வருகிறான். அவனுடைய கோளில் அறிவியல் உண்டு, கலை இல்லை. கற்றுக்கொடுக்க ஆள் தேடியவன், பி. பானுமதி நடித்த வாணியைத் தூக்கிச் செல்கிறான். மீட்கப் போவது எம்.ஜி.ஆர். விண்வெளிக் கதையில் தமிழ்ச் சினிமா எடுத்து வைத்த முதல் அடி இது. படத்தின் பெயரே நாயகியுடையது. கதை நகர்வதே அவளுடைய திறமையால்தான். ஆனாலும் அவள் செய்வது குறைவு, அவளுக்கு நேர்வது அதிகம். இத்தனைக்கும் அதற்குப் பத்தாண்டு முன்பே ‘சண்டிராணி’யை மூன்று மொழிகளில் இயக்கிக் காட்டியவர் பானுமதி.

47 ஆண்டுகள் கழித்து ‘எந்திரன்’ (2010) வந்தது. சிட்டி என்ற ரோபோ, மருத்துவ மாணவி சனாவைக் கல்யாண வீட்டிலிருந்து கடத்துகிறது. கணினி வரைகலை எங்கேயோ போய்விட்டது. நாயகி நின்ற இடத்திலேயே நின்றாள். ‘2.0’ (2018) படத்தில் சனா தொலைபேசிக் குரலாகச் சுருங்கிப்போனாள். ‘இன்று நேற்று நாளை’, ‘24’ இரண்டிலும் கால இயந்திரத்தைக் கண்டுபிடிப்பவரும் ஆண், அதைக் கையில் வைத்துக் கதையைத் திருப்புபவரும் ஆண். தெலுங்குப் படமான ‘கல்கி 2898 ஏடி’ (2024), தீபிகா படுகோன் ஏற்ற சுமதியைக் கதையின் நடுவே வைக்கிறது. ஆனால் கதை சுற்றுவது அவள் வயிற்றில் வளரும் குழந்தையை.

சிங்கப்பூர்த் தமிழ் ரசிகர்கள் இந்தப் படங்களையும் ஹாலிவுட் படங்களையும் சேர்த்தே பார்த்து வருபவர்கள். தேக்காவை ஒட்டி, மெக்கன்சி சாலையில் 1946-ல் திறக்கப்பட்ட ரெக்ஸ் திரையரங்கு, 2009-ல் இந்தியப் படங்களோடு மறுபிறவி எடுத்தது. இரண்டு உலகங்களையும் அறிந்தவர்களுக்கு ஒப்பீடு தானாகவே வந்துவிடும்.

ஹாலிவுட்டில் நாயகியின் இடம் பற்றிய விவாதம் வேறு விதமாக நடக்கிறது. ‘ஏலியன்’ (1979) திரைக்கதையில், எந்தப் பாத்திரத்தையும் ஆணோ பெண்ணோ ஏற்கலாம் என்று குறிப்பு இருந்தது. சிகர்னி வீவர் ஏற்ற ரிப்ளி, தொற்று அபாயம் உண்டு என்று சொல்லிக் கப்பலின் கதவைத் திறக்க மறுக்கிறாள். அந்தச் சொல்லை மற்றவர்கள் கேட்டிருந்தால் கப்பல் தப்பியிருக்கும். நாயகி என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை: முடிவு அவளுடையது, விளைவும் அவளைச் சேர்ந்தது.

2015-ல் ‘ஸ்டார் வார்ஸ்: த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ ரே என்ற பெண்ணை முன்னே நிறுத்தியது. அதன் காட்சி வித்தைகளில், ஒன்-நார்த் பகுதியில் இருந்த இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கூடத்துக்கும் பங்குண்டு. படம் 200 கோடி டாலரைத் தாண்டியது. அடுத்த ஆண்டு ‘ரோக் ஒன்’ படத்திலும் பெண்ணே முதன்மை என்றதும், மறுபடியும் பெண்ணா என்ற முணுமுணுப்பு எழுந்தது. ‘கேப்டன் மார்வெல்’ (2019) 110 கோடி டாலருக்கு மேல் ஈட்டியபோது அடங்கிய குரல், ‘த மார்வெல்ஸ்’ (2023) அதில் ஐந்தில் ஒரு பங்கோடு நின்றதும் திரும்பி வந்தது. ஆண் நாயகனின் படம் தோற்றால் கதையில் கோளாறு என்பார்கள். பெண் நாயகியின் படம் தோற்றால் பெண்ணாக இருந்ததே கோளாறு என்பார்கள். இந்த அளவுகோல் நேர்மையற்றது.

‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ (2022) முதலில் ஜாக்கி சானை மனதில் வைத்து உருவானது. பிறகு நாயகன் நாயகியானார். ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ அந்த வேடத்தை ஏற்றார். சலவைக் கடை நடத்தும் குடியேறிய தாய், வரிக் கணக்கோடு மல்லுக்கட்டும் நாளில் பல பிரபஞ்சங்களைத் தாண்டுகிறாள். படம் ஏழு ஆஸ்கர் விருதுகளை வென்றது. சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் ஓர் ஆசியப் பெண்ணுக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. சிராங்கூன் சாலையில் கல்லாவில் உட்கார்ந்து வியாபாரத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் ஒருசேரச் சுமக்கும் பெண்களை அறிந்தவர்களுக்கு அந்த நாயகி அந்நியம் அல்ல. அந்தக் கல்லாவிலிருந்தும் ஒரு தமிழ் அறிவியல் கதை தொடங்கலாம்.

முன்மாதிரி இல்லை என்று தமிழ்ப் படைப்பாளிகள் சொல்ல முடியாது. பெண்கள் சூரிய வெப்பத்தைச் சேமித்து நாட்டை ஆளும் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதையை வங்க எழுத்தாளர் ரொக்கையா ஆங்கிலத்தில் எழுதினார். அது 1905-ல் வெளியானது சென்னையிலிருந்து வந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில். 2019 ஜூலை 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநர் சென்னையைச் சேர்ந்த எம். வனிதா. நிலவுக்கு விண்கலம் அனுப்பும் திட்டத்துக்கே தமிழ்ப் பெண் தலைமை ஏற்றுவிட்டார். பெரும் பொருட்செலவில் எடுக்கப்படும் தமிழ் அறிவியல் படத்தில் அந்த நாற்காலி இன்னும் ஆணுக்கே போடப்படுகிறது.