காக்கையும் பனம்பழமும் மடிக்கணினியும்



காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். காக்கை உட்கார்ந்தது, பழம் விழுந்தது; ஆகவே காக்கைதான் பழத்தை வீழ்த்தியது என்று சொல்லிவிடுவது எளிது. பழம் முன்பே கனிந்து காம்பு தளர்ந்திருந்ததா, அந்நேரம் காற்று அடித்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. அந்தக் காக்கை இன்று நம் மடிக்கணினிகளின் மீதும் வந்து உட்காருகிறது!

எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த மாணவி ஒருத்தி, கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டிய நேரத்தில் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "மாமா, அப்டேட் போட்ட நாளிலிருந்து இது தானாக அணைந்து அணைந்து போகிறது" என்றாள். பழுது பார்க்கும் கடையில் "மதர்போர்டு போய்விட்டது" என்றார்களாம். புதுக் கணினியின் விலையில் பாதியைக் கேட்டார்களாம். "இனி அப்டேட்டே போடாதே" என்று அறிவுரை வேறு. அவள் தந்தைக்கு அது இரண்டு மாதச் சம்பளம்.

அந்தக் கணினியை யாராவது சோதித்தார்களா? இல்லை. ஊகித்தார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் முதலில் அவளுடைய கோப்புகளை எல்லாம் பென் டிரைவில் படியெடுத்துக்கொண்டோம். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில், எப்போது அணைகிறது, அப்போது என்ன வேலை நடந்தது, சார்ஜர் செருகியிருந்ததா என்று இரண்டு நாள் குறித்தோம். விடை மெல்லத் தலைகாட்டியது. சும்மா இருந்தால் அணைவதில்லை. படம் ஓடினால் இருபது நிமிடத்தில் அணைகிறது. சார்ஜரிலும் அப்படியே, பேட்டரியிலும் அப்படியே. அடிப்பாகமோ கை வைக்க முடியாத சூடு.

விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்றொரு பதிவேடு உண்டு. திடீரென அணைந்த கணினி மீண்டும் எழும்போது அதில் 41 என்ற எண்ணுடன் ஒரு குறிப்பு விழும். பலர் இதையே காரணம் என்று நினைத்துவிடுகிறார்கள். 'முறைப்படி மூடப்படவில்லை' என்பது மட்டுமே அதன் பொருள். ஏன் என்று அது சொல்லாது. நாம்தான் தேட வேண்டும்.

தேடும்போது ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். அப்டேட்டை நீக்கிப் பார்த்தோம். அப்போதும் அணைந்தது. பிறகு பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கினோம். விண்டோஸ் உறங்கிக் கிடந்தது. ஆனாலும் படம் ஓட்டியதும் கணினி அணைந்தது. அடுத்து, கணினியைச் சற்று உயர்த்தி வைத்து, மேசை விசிறியின் காற்று அடிப்பாகத்தில் படும்படி செய்தோம். ஒரு மணி நேரம் அணையவே இல்லை!

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். பிராசசர் என்னும் சில்லு ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால், தான் கருகிப் போகாமலிருக்கக் கணினியையே அணைத்துவிடும். இது அதன் தற்காப்பு.

மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டு, விவரமறிந்த ஒருவரின் துணையுடன் திறந்தோம். விசிறிக்கும் வெப்பத்தகட்டுக்கும் இடையே தூசி ஒரு கம்பளத் துண்டு போல அடைத்திருந்தது. தூரிகையால் அதை நீக்கி, காய்ந்து போயிருந்த வெப்பப் பசையையும் மாற்றினோம். அணைவது நின்றது. அத்துடன் விடவில்லை, நீக்கிய அப்டேட்டை மறுபடியும் போட்டோம். அப்போதும் அணையவில்லை. இந்தக் கடைசிச் சோதனையைத்தான் பலர் செய்வதில்லை.

அப்படியானால் அணைவது அப்டேட்டுக்குப் பின் தொடங்கியது ஏன்? அப்டேட் முடிந்தபின் சில மணி நேரம் கணினி பின்னணியில் கூடுதலாக உழைக்கும், சூடும் கூடும். அதே வாரம் சித்திரை வெயிலும் ஏறியது. பழமோ பல மாதங்களாகக் கனிந்துகொண்டிருந்தது.

அப்டேட் ஒருபோதும் தவறு செய்யாது என்று நான் வாதாடவில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பழுதான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமானங்கள் நின்றன. ஆனால் அங்கே சான்று இருந்தது: குறிப்பிட்ட ஒரு கோப்பு வந்த கணினிகள் விழுந்தன, அதை நீக்கியதும் எழுந்தன.

'அப்டேட்டே வேண்டாம்' என்பதும் ஆபத்தான முடிவுதான். 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு அப்டேட்டை வெளியிட்டது. அதைப் போடாத கணினிகளை அவ்வாண்டு மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற தீய நிரல் தாக்கியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது.

எனவே நண்பர்களே, சோதித்துப் பார்த்துப் பழி சொல்லுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் தொடாதீர்கள். உடனே பயன்பாட்டை நிறுத்திப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். மற்றபடி, எந்தக் கடைக்காரர் எதைச் சொன்னாலும் "எப்படித் தெரிந்தது?" என்று பணிவாகக் கேளுங்கள். பாடப் புத்தகத்தில் படிக்கும் அறிவியல் முறை பரிசோதனைச் சாலைக்கு மட்டும் உரியதல்ல. அந்த மாணவியின் வீட்டில் அது இரண்டு மாதச் சம்பளத்தைக் காப்பாற்றியது. விண்ணப்பமும் உரிய நாளில் போய்ச் சேர்ந்தது.