குழாயடியில் காவிரி

மாணவத் தோழர்களே, காவிரி என்ற பெயர் கேட்டதும் நம் நெஞ்சு நிமிர்கிறது. நம் மன்ற மேடையில் நானே பேசியிருக்கிறேன். சிலப்பதிகாரக் கானல்வரியில் கோவலன் காவிரியை வாழ்த்தும் இடத்தை எடுத்துக்காட்டி, ஆற்றைக் காப்பது நம் கடன் என்று முழங்கினேன். கரவொலிக்குக் குறைவில்லை. மறுநாட் காலை, விடுதிக் குழாயைத் திறந்துவிட்டு நிதானமாகப் பல் துலக்கினேன். குழாயில் ஓடியதும் அதே காவிரிதான் என்பது அப்போது தோன்றவேயில்லை.

அந்த நீர் பெங்களூருக்குத் தானாக வருவதில்லை. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, தொரெகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என மூன்று இடங்களில் இறைத்து, சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள்.

இதை அறிந்த பிறகாவது திருந்தினேனா? இல்லை. என்னைத் திருத்தியது 2024 மார்ச்சு மாதம். ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றின. குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் தண்டம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. விடுதியில் காலை ஒரு மணி நேரமே நீர். இயற்கையைப் பற்றி ஒரு நாளும் வாய் திறவாத என் அறைத்தோழனும், மேடையில் முழங்கிய நானும், ஆளுக்கு ஒரே வாளியில் குளித்தோம். பிறகு மழை வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டமும் தொடங்கிற்று. வாளி மூலைக்குப் போயிற்று, அவனுடையதும், என்னுடையதும்.

அப்படியானால் கொள்கை வேண்டாம் என்கிறேனா? அன்று. ஆனால் தூக்கக் கலக்கத்தில் குழாயைத் திருகும் கையிடம் நாள்தோறும் கொள்கையை எதிர்பார்ப்பது வீண். கை பழக்கத்துக்கு அடிமை. நன்றாக விழித்திருக்கும் பொழுதில் ஒரு முறை முடிவு செய்து, பின்பு மறந்தாலும் நடக்கும்படி ஏற்பாடு செய்வதே கொள்கையின் வேலை. அதே மார்ச்சில் வணிக நிறுவனங்களின் குழாய்களுக்கு வாரியம் ஏரேட்டரைக் கட்டாயமாக்கியது. நீரோடு காற்றைக் கலந்து ஓட்டத்தைக் குறைக்கும் சிறு பொருள் அது. வாளி நிரப்பும் குழாய்க்குப் பயனில்லை; பல் துலக்கும் தொட்டிக் குழாய்க்கு உண்டு. என் பேச்சைக் கேட்காதவனிடத்தும் அது வேலை செய்யும். பேசிய என்னிடத்தும் செய்யும்!

ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் விழாவுக்கு மன்றம் வழக்கம்போல் மாலையும் பொன்னாடையும் வாங்கும். (பொன்னாடைமேல் எனக்குப் பகையில்லை, ஒன்று வாங்கியவன்தான்.) இம்முறை அந்தப் பணத்தில் ஒரு தளத்துத் தொட்டிக் குழாய்களுக்கேனும் ஏரேட்டர் வாங்குவோம். விடுதிக் காப்பாளருக்கு விண்ணப்பம் நான் எழுதித் தருகிறேன். செயற்குழுவினர் கையெழுத்திட்டால் போதும்.