மூட்டு மாற்று ஆபரேஷன்: தையலில் கசிவு வந்தால் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீங்க!

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. சில நாளில் டிஸ்சார்ஜ். வாக்கர் பிடித்து நடக்கிறார், வலி மாத்திரை கையில் இருக்கிறது, எக்சர்சைஸும் சொல்லிக் கொடுத்தாச்சு. அந்தத் தையல் காயத்தை இனி யார் பார்ப்பது? பல வீடுகளில், லீவு போட்டோ ஒர்க் ஃப்ரம் ஹோம் வாங்கியோ வந்திருக்கும் மகனும் மகளும்தான். எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

இந்தக் காயத்துக்கு ஏன் இவ்வளவு கவனம்?

உள்ளே இருப்பது உலோகமும் பிளாஸ்டிக்கும். அதில் ரத்த ஓட்டம் கிடையாது. காயம் வழியாக உள்ளே போகும் பாக்டீரியா அதன் மேல் ஒட்டி, தன்னைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தை உருவாக்கிக்கொள்ளும். அதற்குள் ஆன்டிபயாடிக் எளிதில் வேலை செய்யாது. பெரும்பாலும் இதற்குக் காரணம் நம் தோலிலேயே வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை பாக்டீரியா.

இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையின் முன்னோடி, இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. 1960-களில் அவரையும் தொற்றுதான் படாதபாடு படுத்தியது. தியேட்டரின் காற்றைச் சுத்தப்படுத்தியது, காயத்தை மூடும் முறையை மாற்றியது எனப் பல மாற்றங்களால் அதை வெகுவாகக் குறைத்தார். இன்று 100 பேரில் ஒருவர், இருவருக்குத்தான் தொற்று வருகிறது. ஆனால், வந்துவிட்டால் சாதாரண விஷயமில்லை.

எதெல்லாம் நார்மல்?

* முதல் சில நாட்கள் கட்டில் லேசான ரத்தக் கசிவு. அது நாளுக்கு நாள் குறைய வேண்டும்.
* வீக்கம், லேசான சூடு. முழங்காலில் இது மாதக்கணக்கில்கூட இருக்கலாம்.
* தொடையிலோ கணுக்கால் வரையிலோ கன்றிப்போன நிறம்.
* முழங்கால் தையலுக்கு வெளிப்பக்கம் மரத்துப்போன உணர்வு.

எப்போது உஷாராக வேண்டும்?

* ஐந்து, ஆறு நாட்களுக்குப் பிறகும் கசிவு நிற்கவில்லை, அல்லது நின்ற கசிவு மீண்டும் தொடங்குகிறது.
* சீழ், துர்நாற்றம், தையல் விளிம்பு பிரிவது, சிவப்பு பரவுவது.
* குறைந்துவந்த வலி திடீரென அதிகமாவது.
* குளிரோடு காய்ச்சல், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டருக்குத் தெரியப்படுத்த வேண்டும். கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அதுவும் அவசரம்தான். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் உடனே 108.

வீட்டில் என்ன செய்யலாம்?

கட்டைத் தொடுவதற்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவுவது முதல் வேலை. "எப்படி இருக்குன்னு பார்க்கலாமே" என்று தினமும் பிரித்துப் பார்க்க வேண்டாம். ஒரு வாரத்துக்கும் மேல் அப்படியே விடுவதற்கென்றே சில கட்டுகள் இருக்கின்றன. தையலோ ஸ்டேப்பிளோ பொதுவாக 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள்.

டாக்டர் அனுமதித்த பிறகு குளிக்கலாம். காயத்தைத் தேய்க்காமல், சுத்தமான துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். காயம் முழுசாக ஆறும்வரை குளம், கிணறு, கடல், நீச்சல்குளம் எதுவும் வேண்டாம். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர், விபூதி எதையும் தையல் மேல் போடக் கூடாது. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும்கூட ஆறிவரும் திசுவைப் பாதிக்கும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும், புகைபிடித்தாலும் காயம் ஆறத் தாமதமாகும். "ஆபரேஷன் பண்ண உடம்பு, முட்டை ஆகாது" என்று பத்தியம் வைப்பதும் தப்பு. முட்டை, பருப்பு, மீன் என புரதம் தேவைப்படும் நேரமே அதுதான்.

இடுப்புத் தையலை நோயாளியால் தானே பார்க்க முடியாது. மகனிடம் காட்டக் கூச்சப்பட்டு மறைக்கும் அம்மாக்களும் உண்டு. யார் பார்ப்பது என்பதை முன்பே பேசி வையுங்கள். காயமோ கட்டோ, தினமும் ஒரே வெளிச்சத்தில் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால், நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் டாக்டருக்குப் புரியும்.

மெடிக்கல் ஷாப் ஆன்டிபயாடிக் ஏன் ஆபத்து?

"லேசா தண்ணி மாதிரிதான் வருது, ரெண்டு நாள் மாத்திரை போட்டா சரியாயிடும்." அதிகம் நடக்கும் தவறு இதுதான். மாத்திரை மேலோட்டமாகக் கசிவைக் குறைக்கலாம். உள்ளே கிருமி அப்படியே இருக்கும். பிறகு மூட்டு நீரை எடுத்துப் பரிசோதித்தால், எந்தக் கிருமி என்பதே பிடிபடாமல் போகலாம்.

முதல் சில வாரங்களில் கண்டுபிடித்தால், காயத்தைத் திறந்து சுத்தம் செய்து, பிளாஸ்டிக் பாகத்தை மட்டும் மாற்றி, மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. தாமதமானால் பல நேரங்களில் மொத்த மூட்டையும் கழற்றி, மருந்து கலந்த சிமென்ட்டை வைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, மீண்டும் புது மூட்டு பொருத்த வேண்டியிருக்கும்.

மருத்துவமனைகளுக்குப் பொறுப்பில்லையா?

இருக்கிறது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் செயற்கை மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு வைத்தது. மூட்டின் விலை வெகுவாகக் குறைந்தது. ஆனால், ஒரு தொற்று வந்தால் அந்தச் சேமிப்பு முழுவதும் போய்விடும். ஆங்கிலச் சுருக்கெழுத்துகள் நிறைந்த டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்து அனுப்புவது போதாது. காயப் பராமரிப்பைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுப்பதற்குப் பெரிய செலவில்லை. இரவிலும் எடுக்கப்படும் ஒரு போன் நம்பரும் அதில் இருக்க வேண்டும்.

அதுவரை குடும்பங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று மூன்றே கேள்விகள்: இந்தக் கட்டை எப்போது, யார் மாற்றுவது? எந்தத் தேதியிலிருந்து குளிக்கலாம்? கசிவு வந்தால் ராத்திரி யாருக்குப் போன் பண்ணுவது? பதில் கிடைத்த பிறகு ஆட்டோவோ டாக்ஸியோ புக் பண்ணுங்க.