பெயரற்ற பத்திரமும் மோட்டார் சைக்கிள் களவும்

இரும்புச் சங்கிலியை அறுத்துச் செல்பவன் காகிதத்துக்கா அஞ்சப்போகிறான்? மோட்டார் சைக்கிள் களவைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர், கேட்ட மாத்திரத்திலேயே வாதத்தில் வென்றுவிட்டதாக எண்ணிக்கொள்வதும் வழக்கம். பூட்டு வாங்கு, நாய் வளர், இரவில் விழித்திரு என்பனவே நமக்குக் கிடைக்கும் அறிவுரைகள். உரிமைப் பத்திரம் என்பது பொலிசாருக்குக் காட்டுவதற்கான ஒரு சடங்கு என்னும் அளவில் தள்ளிவைக்கப்படுகிறது. இக்கருத்து தவறானது என்பதோடு, தோட்டப்புற மக்களாகிய எமக்குப் பெருந்தீங்கு விளைப்பதுமாகும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கேகாலை மாவட்டத்துப் புளத்கொகுபிட்டியப் பகுதியை அறிந்தோர்க்கு அங்குள்ள பாதைகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. இறப்பரும் தேயிலையும் விரவிக்கிடக்கும் அச்சரிவுகளில், கேகாலைக்கும் கரவனெல்லைக்கும் செல்லும் பெருந்தெருவை விட்டு உட்புகுந்தால், தார் முடிந்து கல்லும், கல் முடிந்து மண்ணும், மழைக்காலத்தில் மண் முடிந்து சேறுமாகவே வழி அமையும். இத்தகைய வழிக்கென்றே பிறந்தது போன்றது நம்மவர் 'ட்ரெயில் பைக்' என அழைக்கும் வண்டி. உயர்ந்த மட்கார்ட், கொட்டை கொட்டையான டயர், நீண்ட சொக், இலேசான உடல். யமஹா டீ.ரீ., ஹொண்டா எக்ஸ்.எல். ஆகிய பெயர்களைத் தோட்டத்துச் சிறுவரும் அறிவர். அதனை வாங்க வசதியற்றோர் சாதாரண நூறு சீ.சீ. வண்டியையே அவ்வழியில் ஓட்டிப் பழகியுள்ளனர். வண்டி எதுவாயினும் அது நிறுத்தப்படும் இடம் ஒன்றே. லயம் மேட்டில் இருக்க, பாதை பள்ளத்தில் முடிந்துவிடுவதால், இரவெல்லாம் அது கடை வாசலிலோ பிரட்டுக்களத்தின் ஓரத்திலோ நிற்கும். உடையவன் ஒரு குன்றின் மேல். உடைமை மற்றொரு குன்றின் அடியில். இந்நிலையில் பூட்டை மட்டும் நம்பச் சொல்வோர் அவ்விடத்தை ஒருமுறையேனும் கண்டிருப்பார்களா என்பது ஐயமே.

களவு எடுப்பவன் அவ்வண்டியை ஓட்டி மகிழ்வதற்காக எடுப்பதில்லை. விற்பதற்காகவே எடுக்கிறான். எனவே களவின் தொடக்கம் கள்வனின் கையில் இல்லை. வாங்குபவனின் பணப்பையில் இருக்கிறது. பத்திரம் கள்வனின் கையைப் பிடிப்பதில்லை என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். அது பிடிப்பது வாங்குபவனின் கையை. 'புக் எங்கே? யார் பெயரில் இருக்கிறது? பெயருக்குரியவர் எங்கே?' என்னும் மூன்று கேள்விகளை வாங்க வருவோர் அனைவரும் கேட்கும் ஊரில் களவு வண்டியை முழுவதாக விற்க இயலாது. உதிரிப்பாகமாகப் பிரித்துத்தான் விற்கவேண்டும். அதில் உழைப்பு அதிகம், வருவாய் குறைவு. கள்வனும் கணக்குப் பார்ப்பவன்தானே.

அம்மூன்று கேள்விகளும் நம்மிடையே ஏன் கேட்கப்படுவதில்லை? 'ஓபன் பேப்பர்' என்னும் வழக்கமே காரணம். விற்பவர் உரிமைமாற்றப் படிவத்தில் ஒப்பமிட்டு, வாங்குபவரின் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுகிறார். வாங்கியவர் தம் பெயரை எழுதாமலே ஓராண்டு ஓட்டி, அதே தாளை அடுத்தவரிடம் கையளிக்கிறார். இவ்வாறு நான்கு கை, ஐந்து கை மாறியபின், பதிவேட்டில் பெயருள்ளவர் குருநாகலிலோ காலியிலோ இருப்பார், இறந்தும் போயிருப்பார். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம், வாகனம் கைமாறிய பதினான்கு நாட்களுக்குள் ஆணையாளருக்கு அறிவிக்க வேண்டுமென விதித்திருக்கிறது. பதினான்கு நாட்கள் பதினான்கு ஆண்டுகளாக நீண்டாலும் எவரும் வெட்கப்படுவதில்லை.

இதன் விளைவு யாது? நேர்மையான வழியில் வாங்கிய வண்டியும் களவு வண்டியும் வெளிப்பார்வைக்கு ஒன்றாகிவிடுகின்றன. இரண்டிலும் ஓட்டுபவர் ஒருவர், பெயர் வேறொருவருடையது. நல்லவர் அனைவரும் முகமூடி அணிந்து திரியும் தெருவில் கள்வன் தனியாக முகமூடி தேடவேண்டியதில்லை. வண்டி பறிபோனபின் முறைப்பாடு செய்யச் செல்பவரிடம் பொலிஸ் நிலையத்தில் கேட்கப்படும் முதற் கேள்வி, 'வண்டி யாருடையது?' என்பதே. 'என்னுடையதுதான், ஆனால் புக் என் பெயரில் இல்லை' என்று தொடங்கும் மறுமொழி எவ்வளவு உண்மையாயினும் குற்றவாளியின் மறுமொழி போன்றே ஒலிக்கும். தமிழில் சொல்லிச் சிங்களத்தில் எழுதப்படும் இடமாயின் அது இன்னும் மோசமாக ஒலிக்கும். காப்புறுதி உண்டே எனலாம். வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்காக நம்மவரிற் பலர் எடுக்கும் மூன்றாந் தரப்புக் காப்புறுதி களவுக்கு ஒரு சதமும் தருவதில்லை.

பத்திரத்தால் களவு தடுக்கப்படும் என்பது நகரத்தார் கண்டுபிடித்த புதுமையன்று. மாடு வளர்த்த சமூகங்கள் இதனை நெடுங்காலம் முன்னரே உணர்ந்திருந்தன. மாட்டுக்குக் குறிசுட்டதன் நோக்கம் அழகன்று. 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டம் குறிசுடுதலையும், அக்குறியைப் பதிவு செய்தலையும், மாடு கைமாறும்போது சீட்டு எழுதுதலையும் ஒரே ஒழுங்கில் இணைத்தது. தோலில் உள்ள குறி, பதிவேட்டில் உள்ள குறி, சீட்டில் உள்ள பெயர் ஆகிய மூன்றும் பொருந்தாவிடின் சந்தைக்கு வந்த மாடு சந்தேகத்துக்குரியது. மோட்டார் சைக்கிளின் கழுத்துப் பகுதியில் பொறிக்கப்பட்டுள்ள சேசி இலக்கம் அக்குறியின் வழித்தோன்றலே. மாட்டின் சீட்டைக் கேட்டுப் பார்த்து வாங்கிய பாட்டனாரின் பேரன், அதனிலும் பன்மடங்கு விலையுள்ள இயந்திரத்தைச் சீட்டின்றி வாங்குவதை முன்னேற்றம் என்று கூற என் மனம் ஒப்பவில்லை.

அண்மைய சான்று ஒன்றும் உண்டு. 2022 யூலையில் எரிபொருள் தட்டுப்பாட்டின் உச்சத்தில் தேசிய எரிபொருள் அனுமதி முறை வந்தது. வாகன இலக்கம், சேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் பதிந்தாலன்றிக் கியூஆர் குறியீடு இல்லை. குறியீடு இல்லையேல் பெற்றோல் இல்லை. ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் என்று தொடங்கிற்று. அதுவரை தகரப் பெட்டியின் அடியிற் கிடந்த 'புக்' அன்று வெளியே எடுக்கப்பட்டுத் தூசு தட்டப்பட்டது. திறந்த பத்திரத்தில் வண்டி வாங்கியோர், பழைய உரிமையாளர் அவ்விலக்கத்தை ஏற்கெனவே பதிந்துவிட்டதால் தடுமாறியதும் உண்டு. மெய்யுரிமையாளர் பதிந்துவிட்ட வண்டியை எடுத்துச் செல்பவனுக்கு அது வெற்றுத் தாங்கியோடு கூடிய இரும்பு மட்டுமே. 2023 இல் அம்முறை கைவிடப்பட்டது. வரிசையில் நின்ற துன்பத்தை யாரும் மீண்டும் விரும்பார். ஆயினும், பத்திரம் அன்றாட வாழ்வோடு பிணைக்கப்பட்டால் அது உயிர்பெறும் என்பதை அந்த ஓராண்டு காட்டிற்று. பத்திரம் சடங்கு என்போர் அந்நாட்களில் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு நினைவில்லை. வரிசையில் அவர்களும் நின்றிருப்பார்கள்.

எதிர்வாதங்களுள் வலிமையானது வறுமை பற்றியது. அதனை எள்ளி நகையாட எனக்கு உரிமையில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவென்றும் 2024 இல் 1350 ரூபாவென்றும் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. உரிமைமாற்றக் கட்டணம், பஸ் கூலி, இழந்த நாட்சம்பளம், படிவம் நிரப்பித் தருபவருக்குக் கொடுக்கும் கைக்காசு எல்லாம் கூடினால் அது ஒரு குடும்பத்தின் பல நாள் அரிசி. நாரஹேன்பிட்டி அலுவலகத்தின் வாசலில் நிற்கும் தரகரைப் பார்த்தவர், ஓபன் பேப்பரை அறியாமை என்று மட்டும் பழிக்கமாட்டார். லீசிங் முறையில் வாங்கப்பட்ட வண்டியாயின், கடன் தீரும்வரை கம்பனியே முற்றுரிமையாளராகப் பதியப்பட்டிருக்கும். தவணை கட்ட முடியாதவர் அதனையும் இரகசியமாகக் கைமாற்றுகிறார். பின்பு லீசிங் கம்பனியின் ஆட்கள் வந்து பறித்துச் செல்கையில், களவு எது, கையகப்படுத்தல் எது என்று வாங்கியவருக்கு விளங்குவதில்லை.

இவையனைத்தும் உண்மை. ஆயின் இவ்வுண்மைகள் நிறுவுவது பத்திரம் வேண்டாம் என்பதையா, பத்திரத்தை நம் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதையா? ஓபன் பேப்பர் ஏழையின் தந்திரம் என்று புகழ்வோர், அதன் இலாபத்தை அனுபவிப்பவர் யாரென நோக்குவதில்லை. வரியையும் பொறுப்பையும் தட்டிக்கழிக்கும் வாகனத் தரகரே முதற் பயனாளி, கள்வன் இரண்டாமவன். ஏழைக்குக் கிடைப்பது, எந்நேரமும் பறிக்கப்படக்கூடிய ஒரு வண்டி. பொருள் விற்பனை பற்றிய 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் அடிப்படை விதி, தனக்கில்லாத உரிமையை ஒருவன் பிறர்க்கு விற்க முடியாது என்பது. களவு வண்டியை முழு விலை கொடுத்து வாங்கியவரும் உரியவர் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டியவரே. களவுப் பொருளென நம்புவதற்குக் காரணம் இருந்தும் வாங்கியிருந்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 394 ஆம் பிரிவு காத்திருக்கிறது.

பத்திரம் பற்றிய நம் மக்களின் ஐயுறவுக்கு வரலாறும் உண்டு. தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு தாள் இருந்தது. கடனைத் தீர்த்தால் இன்ன ஆட்களை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் தாள். அத்தாளைக் கொண்டு கங்காணி ஆட்களோடு கடனையும் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றினான். 1921 இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதில் உடைமையாக எழுதப்பட்டோர் நம் முன்னோர், எழுதியோர் பிறர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபின் பத்திரம் இல்லாமையே குற்றமாயிற்று. பிறப்புச் சான்றிதழ் எங்கே, தந்தையின் பிறப்புச் சான்றிதழ் எங்கே என்னும் கேள்விகளுக்கு மறுமொழியின்றி நாடற்றோராய் நின்ற கதை 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை நீண்டது. ஏழு பேர்ச் காணியும் அதற்கான உறுதியும் மேடைகளில் வழங்கப்பட்ட அளவுக்கு லயத்து மக்களின் கையில் வழங்கப்படவில்லை. குடியிருக்கும் அறைக்கு உறுதி இல்லை, நிற்கும் மண்ணுக்கு உறுதி இல்லை. இத்தகைய ஒருவன் அரசாங்க முத்திரையோடு தன் பெயரில் வைத்திருக்கக்கூடிய விலையுயர்ந்த முதற் பொருள் பல குடும்பங்களில் அந்த மோட்டார் சைக்கிளே. அதனையும் யாரோ ஒருவரின் பெயரில் விட்டுவைப்பதை எளிமை என்று எப்படிக் கொள்வது?

பத்திரத்தை வெறுங்காகிதமாக வணங்கச் சொல்லவும் நான் வரவில்லை. உடைந்து இரும்புக்குப் போன வண்டியின் புக்கும் இலக்கத்தகடும் தனியே விற்கப்பட்டு, களவு வண்டிக்கு உடையாக அணிவிக்கப்படுவதுண்டு. பிரித்தானியாவிலும் பதிவுப் பத்திரத்தின் வெற்றுத் தாள்களே களவு போயின. அதனால் அதன் நீல நிறத்தை 2010 இல் சிவப்பாக மாற்ற நேர்ந்தது. அப்பத்திரம் சட்டப்படியான உரிமைக்குச் சான்றன்று என்று அதன் முகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ஆகவே காகிதத்தை இரும்போடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். சேசி இலக்கத்தின் மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்துக்கள் அத்தாளில் எழும். அராவிய தடமும் புதிதாகக் குத்திய எழுத்தும் விரலுக்குத் தெரியும். என்ஜின் இலக்கமும் புக்கில் உள்ளதோடு பொருந்த வேண்டும்; ட்ரெயில் பைக்குகளில் என்ஜின் மாற்றம் சாதாரணமாகையால் இங்கு கூடுதல் கவனம் தேவை. புக்கின் மூலப்பிரதியை வண்டியின் ஆசனத்தின் கீழ் வைப்போர் கள்வனுக்கு வண்டியோடு விற்பனைப் பத்திரத்தையும் சேர்த்துக் கொடுக்கின்றனர். வீட்டுப் பெட்டியில் வைத்தாற் போதுமா? 2016 மே மாதத்தில் களுபஹனத் தோட்டத்து லயத்தை மண்சரிவு மூடிய பகுதி எங்களுடையது. ஒரு பிரதி, மலைக்கு வெளியே, உறவினர் ஒருவரிடமேனும் இருத்தல் வேண்டும்.

அரசிடம் கேட்கவேண்டியது பெரிதன்று. வருமான அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் பிரதேச செயலகத்திலேயே வழங்கப்படுகிறது. புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் காப்புறுதியையும் அதே யன்னலில் பார்க்கிறார்கள். அந்த யன்னலிலேயே உரிமைமாற்றத்தையும் ஏற்க முடியாமைக்குக் காரணம் என்ன? சிறிய மோட்டார் சைக்கிள்களுக்குக் கட்டணத்தைக் குறைத்து, நிலுவையில் உள்ள திறந்த பத்திரங்களைத் தண்டமின்றி ஒழுங்காக்க ஒரு தவணை கொடுக்கலாகாதா? தமிழ் அரசகரும மொழியாக்கப்பட்டது 1987 இல். படிவத்தைத் தமிழில் வாங்கித் தமிழில் நிரப்பிக் கொடுக்கும் ஓர் எழுதுவினைஞரைக் கேட்பது சலுகை கோருவதாகாது. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சின் இடையே இதனையும் எழுப்பினால் அவற்றின் பெருமை குன்றிவிடாது.

இனி, இதனை வாசிக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். நம் விடுதிகளின் முன் நிற்கும் மோட்டார் சைக்கிள்களுள் எத்தனை, அவற்றை ஓட்டுவோரின் பெயரில் உள்ளன? இறுதியாண்டு முடித்துச் செல்பவர் இளையவருக்கு வண்டியை விற்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. வெறும் ஒப்பத்தோடு படிவம் கைமாறும் வழக்கமும் உண்டு. இவ்வாண்டு விற்கப்போவோர் வாங்குபவரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் திகதியையும் தம் கையாலேயே எழுதிவிடட்டும். விற்பவரின் அறிவித்தலைப் பதினான்கு நாட்களுக்குள் பதிவுத் தபாலில் தாமே அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளட்டும். வாங்குபவர் 'பிறகு மாற்றிக்கொள்கிறேன்' என்றால், விலையிற் சிறிது குறைத்தேனும் அன்றே மாற்றச் சொல்லட்டும்.