யாருடைய கட்டுப்பாடு?

'கட்டுப்பாடு' என்ற சொல் காதில் விழுந்ததும் நமக்கு ஞாபகம் வருவது ஊர்க்கட்டுப்பாடுதான். கடையில் சாமான் தரக்கூடாது, கிணற்றில் தண்ணி எடுக்கக்கூடாது, வேலைக்குக் கூப்பிடக்கூடாது. யார் போட்டது? 'ஊர்' போட்டது. அந்த ஊரில் நாம் இல்லை. சேரி எப்போதும் ஊருக்கு வெளியே.

இன்றைக்கு உலகம் முழுக்க ஒரு கூப்பாடு: செயற்கை அறிவை 'மனிதக் கட்டுப்பாட்டில்' வைத்திருக்க வேண்டுமாம். யார் இந்த மனிதர்? அந்த ஊரில் இருந்த அதே மனிதர்தானா?

கூப்பாட்டுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹிண்டன் 2023 மே மாதம் கூகுளை விட்டு வெளியேறினார், ஆபத்தைப் பற்றித் தடையில்லாமல் பேசுவதற்காக. அதே மாதம் வந்த ஒற்றை வாக்கிய அறிக்கையில், இந்த எந்திரங்களைச் செய்கிற கம்பெனித் தலைவர்களே கையெழுத்துப் போட்டார்கள். இதனால் மனித இனமே அழிகிற அபாயத்தை அணுஆயுதப் போருக்கும் கொள்ளை நோய்க்கும் நிகராக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது அது. 2025இல் நடந்த ஒரு சோதனையில், 'உன்னை நிறுத்தினால் தடுக்காதே' என்று சொன்ன பிறகும் ஓபன்ஏஐ கம்பெனியின் ஒரு மாடல் சில தடவை நிறுத்தும் கட்டளையையே மாற்றி எழுதிவிட்டது.

"இதெல்லாம் பணக்கார நாட்டுப் பயம் தோழர், நமக்கெதுக்கு?" என்கிறார் ஒரு நண்பர். ஒரு மாணவத் தம்பி வேறு மாதிரி கேட்டான்: "சாதி பாக்குற மேனேஜரவிட சாதி தெரியாத மெஷின் மேல் இல்லையாண்ணே?"

தம்பியின் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஏடிஎம் எந்திரம் 'எந்தத் தெரு?' என்று கேட்பதில்லை. அது ஒரு விடுதலைதான். ஆனால் கற்கும் எந்திரம் எதைப் படித்துக் கற்கிறது? இதுவரை யாருக்குக் கடன் கொடுத்தார்கள், யாருக்கு மறுத்தார்கள் என்ற பழைய கணக்கைப் படித்து. அந்தக் கணக்கை எழுதியது சாதி. அதற்கப்புறம் தெருப் பெயர் எதற்கு? பின்கோடு போதும்.

நான் பேங்க் கிளார்க். மாட்டுக் கடன் கேட்டு வந்த ஒரு அக்காவிடம் "சிஸ்டம் எடுக்கலக்கா" என்று சொல்லியிருக்கிறேன். "ஏன்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. மேனேஜருக்கும் தெரியாது. ஆனால் மறுப்புத் தாளில் அவர் கையெழுத்து இருந்தது! படிக்கத் தெரியாத நம் தாத்தன்கள் பண்ணையார் நீட்டிய பத்திரத்தில் கைநாட்டு வைத்தார்கள். இப்போது படித்த அதிகாரி, தனக்குப் புரியாத முடிவுக்குக் கீழே கைநாட்டு வைக்கிறார். இதற்குப் பெயர்தான் 'மனித மேற்பார்வை'.

பிரிட்டனில் என்ன நடந்தது? ஃபுஜிட்சு கம்பெனி செய்த 'ஹொரைசன்' கம்ப்யூட்டர் கணக்கில் பணம் குறைகிறது என்று சொல்லி, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட தபால் நிலையம் நடத்தியவர்களைக் குற்றவாளி ஆக்கினார்கள். பலர் ஜெயிலுக்குப் போனார்கள். கம்ப்யூட்டர் சரியாகத்தான் இருக்கும் என்று நீதிமன்றங்கள் நம்பின. சந்தேகப்பட்டவர்களை இனவெறிச் சொற்களால் வகைப்படுத்திய விசாரணைத் தாள் 2023இல் வெளிவந்தது. 2024இல் சட்டம் போட்டுத்தான் அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்ய வேண்டி வந்தது. இத்தனைக்கும் அது அறிவுள்ள எந்திரம்கூட இல்லை, வெறும் கணக்கு புரோக்கிராம்! ஒரு கணக்கு புரோக்கிராமையே எதிர்த்துக் கேட்க முடியாத மனிதர்கள், தம்மைவிடக் கெட்டிக்கார எந்திரத்தை எப்படி நிறுத்துவார்கள்?

ஆகவே தோழர், இரண்டு பயமும் ஒன்றுதான். கேள்வி கேட்க முடியாத அதிகாரத்தின் கீழே வாழ்வது என்னவென்று நமக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது நாளைய அபாயம். நமக்கு ரெண்டாயிர வருசத்து அனுபவம். கம்பெனி முதலாளி கையில் சுவிட்ச் இருந்தால் அது முதலாளிக் கட்டுப்பாடு. அதை மனிதக் கட்டுப்பாடு என்று எப்படி ஒத்துக்கொள்வது?

நம் அரசியல் சட்டத்தின் 14ஆவது பிரிவு சமத்துவம் பேசுகிறது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய செயற்கை அறிவுச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, அபாயம் அதிகமான எந்திரங்களை மேற்பார்ப்பவருக்கு அவற்றைப் புரிந்துகொள்ளவும் முடிவை மாற்றவும் நிறுத்தவும் முடிய வேண்டும் என்கிறது. நமக்கு இந்த இரண்டும் சேர்ந்து வேண்டும். எந்திரம் எடுத்த முடிவுக்குக் காரணத்தைத் தமிழில் எழுதித் தர வேண்டும். அதை மாற்றும் அதிகாரமுள்ள, பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஒரு ஆள் இருக்க வேண்டும். நிறுத்த முடியுமா என்று வெளியாட்கள் சோதித்துப் பார்க்காத எந்திரத்தை வெளியே விடக்கூடாது. இதைத் தீர்மானிக்கிற சபையில் சேரியும் உட்கார வேண்டும், அதுவும் ஓட்டுரிமையோடு.

அதுவரைக்கும் கவுண்டரில் யாராவது "சிஸ்டம் எடுக்கல" என்று சொன்னால் நகராதீர்கள். "ஏன்?" என்று கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள்.